அப்பா வாங்கியது

பழைய சாமான் கடைக்காரர் காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தார். கூடத்து அலமாரியில் ஒரு பெருக்கல் குறி. நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் ஒன்று. சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார், ஓடவில்லை. இருந்தாலும் கண்ணாடியில் ஒரு குறி.

"சார், என் முறையை முதல்லயே சொல்லிடறேன். ஒண்ணொண்ணா விலை பேச மாட்டேன். வீட்டைச் சுத்தி வருவேன், மொத்தமா ஒரு விலை சொல்லுவேன். குறி போட்டாச்சுன்னா அது என் சாமான். அப்புறம் லாரியைப் பிடிச்சுக்கிட்டு அழக் கூடாது. அழறவங்க இப்பவே அழுதுடலாம், நான் வெளிய நிக்கறேன்."

அண்ணன் சிரித்தான். "எங்க வீட்ல அழற ஆளே கிடையாதுங்க. நீங்க போடுங்க."

அண்ணனுக்கு அவசரம். மூன்று நாள் லீவில் வந்திருந்தான், அதில் ஒன்று போய்விட்டது. வீட்டை வாங்குகிறவர் நாளைக் காலை பத்து மணிக்குச் சாவிக்கு வருகிறார். பத்திரம் முடிந்துவிட்டது. வீடு காலியாக இருக்க வேண்டும், ஒரு ஆணிகூடச் சுவரில் இருக்கக் கூடாது என்பது அவருடைய பேச்சு.

சமையலறையில் அண்ணி தரையில் உட்கார்ந்து, தான் எடுத்துக்கொண்டு போகிற நாலு பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து பரண், அலமாரி, கட்டிலடி என்று எல்லா இடத்துத் தூசியையும் தின்றாயிற்று.

அப்பாவின் அறைக்குள் போன கடைக்காரர் கட்டில் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"இதுல படுத்தவர் ரொம்பக் கறாரான ஆளு போல. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் கடையிலேருந்து வந்த மாதிரியே இருக்கு. புரண்டு படுத்தா தேஞ்சிடும்னு பயந்தாரா?"

"அவரால புரள முடியாது," என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மூணு வருஷம். நான்தான் புரட்டணும்."

கடைக்காரர் கையை எடுத்தார். "மெத்தை வேணாம். கட்டில் மட்டும்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் குறி போட்டார்.

பேசியவள் குட்டி. அண்ணனுக்கு ஒரே தங்கை. நாற்பத்திரண்டு வயதிலும் வீட்டில் அவள் குட்டிதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வேண்டாம் என்று ஒரே பெட்டியோடு வந்தவள், அப்புறம் இந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. மூன்று மாசத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டை மகன் பேருக்கு எழுதியிருந்தார். உள்ளே இருக்கிற சாமான் பிள்ளைகள் இருவருக்கும் பாதிப் பாதி. 'மகளுக்குத்தான் இத்தனை வருஷம் சோறு போட்டேனே' என்று சொல்லித்தான் அப்படி எழுதினாராம். அந்த வார்த்தையை அண்ணன் சொல்லிக் கேட்டபோது குட்டி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அவள் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அவளுக்குப் பின்னால், கடைசி அறையில், ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைக்கு வெட்டிய துணிகள் குவிந்து கிடந்தன. தொண்ணூறு சட்டை. பள்ளி திறக்க ஒன்பது நாள். முப்பத்தி நாலு முடிந்திருந்தது. நாளைக்கு அவள் குடிபோகிற ஒற்றை அறைக்கு இரண்டு மாச வாடகை முன்பணம் கொடுத்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஆனால் ஜன்னலுக்குக் கீழே நல்ல பிளக் பாயின்ட் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த அறையை எடுத்தாள்.

கடைக்காரர் அந்தக் கடைசி அறைக்குள் வந்தார். நின்றார். அதுவரை அலுப்பாக இருந்த முகத்தில் ஒரு வெளிச்சம். மூலையில் மேஜையோடு சேர்ந்த பெரிய பவர் தையல் மெஷின். உட்கார்ந்து சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். காலால் பெடலைத் தொட்டார். மெஷின் கிர்ரென்று பாடியது.

"அடேங்கப்பா! வீட்ல எல்லாமே கிழம், இது மட்டும் குமரி," என்று எழுந்தார். மேஜைப் பலகையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"அது இல்லீங்க," என்றாள் குட்டி. "அது என்னோடது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இந்த வீட்டில் ஒரு பொருளைக் காட்டி அப்படி அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். "சார்?"

"அப்பா வாங்கினதுதான்," என்றான் அண்ணன். "குட்டி, நீ ஓட்டினே. அதுக்காக உன்னோடதாயிடுமா? அப்பாவே எனக்கு போன் பண்ணிச் சொன்னாரே, 'தங்கச்சி சும்மா உக்காந்திருக்கா, ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன்'னு."

"சொன்னார். ஆனா வாங்கினது நான்."

"நீயேதானே அன்னிக்கு போன்ல சொன்னே?" என்று சமையலறையிலிருந்து அண்ணி வந்தாள். "'அப்பா வாங்கிக் குடுத்திருக்கார் அண்ணி, ஜம்முனு ஓடுது'ன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

குட்டிக்கும் நல்லா ஞாபகம் இருந்தது.

அது ஃபிரிட்ஜில் தொடங்கியது. அப்பாவின் இரும்புக் கடை நொடித்து, கையிருப்பு கரைந்து, மளிகைக்கே அவள் தைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் காசுதான் என்று ஆன சமயம். அண்ணன் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்று அப்பா கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். "மருமக முன்னாடி என்னைத் தலை குனிய வெச்சிடாதம்மா." அந்த மாசம்தான் அவள் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாள், அப்பாவின் ஊசி மருந்தை வைக்க. லீவுக்கு வந்த அண்ணி அதைப் பார்த்து, "யார் வாங்கினது?" என்று கேட்டாள். அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அப்பாதான்," என்றாள் குட்டி.

அவ்வளவுதான். அதற்கப்புறம் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மேல் கூரை, எல்லாவற்றையும் அப்பாதான் வாங்கினார், அப்பாதான் செய்தார். பில்லைக்கூட அப்பா பேரில் போடச் சொல்லிவிடுவாள். அண்ணன் வந்தால் அலமாரியைக் குடைகிற ஆள். அப்பாவும் அந்த வேஷத்துக்குள் புகுந்துவிட்டார். வாஷிங் மெஷின் கடையில் தான் பேரம் பேசிய கதையை அவர் மூன்றாவது தடவை சொன்னபோது, அந்தக் கடைப் படியில் அப்பா நின்றிருந்த மாதிரி அவளுக்கே தோன்றிவிட்டது.

"அண்ணா, நான் பொய் சொன்னேன்," என்றாள் இப்போது. "அப்பாகிட்ட காசு கிடையாது. கடை மூடினதுலேருந்தே கிடையாது. எல்லாம் நான்தான்."

"நல்லாருக்கே," என்றான் அண்ணன். "அவர் போய் மூணு மாசம் ஆச்சு. இப்ப சொல்றே. கடைசிவரைக்கும் யார்கிட்டயும் கை நீட்டாத மனுஷன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"நீட்டலை. நான் அவர் கையில வெச்சேன்."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "குடும்பச் சண்டைக்கு நான் சாட்சி இல்லீங்க. ஆனா ஒண்ணு. நான் மனசுக்குள்ள போட்ட விலை அந்த மெஷினைச் சேத்துத்தான். அது இல்லேன்னா மத்த சாமான் என் லாரி டீசலுக்கே காணாது. நான் இப்படியே திரும்பிடுவேன். நீங்க மாரடிச்சுக்கிட்டுத் தெருவுல போட வேண்டியதுதான்."

"அப்படியெல்லாம் போயிடாதீங்க," என்று அண்ணன் பதறினான். குட்டியிடம் திரும்பினான். "சரி, பாதி உனக்கு வருதில்ல? அதுல வேற ஒண்ணு வாங்கிக்கோ."

"அந்தப் பாதியில இந்த மெஷினோட மோட்டார்கூட வராதுண்ணா. தொண்ணூறு சட்டைக்கு ஆர்டர் வாங்கியிருக்கேன். இது போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. எனக்கு இது ஒண்ணு போதும். மத்ததுல பாதிகூட வேணாம்."

"பில் இருக்கா?"

பில் இருந்தது. அண்ணனே அலமாரியிலிருந்து எடுத்து வந்தான். அப்பா பெயர், அப்பா விலாசம். கீழே அப்பாவின் கையெழுத்து, அப்போதே கொஞ்சம் கோணலாக.

அவள் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அந்த மெஷினை விற்றவரும் அவர்தான், பழுது பார்க்கிறவரும் அவர்தான். பட்டறை இரண்டு தெரு தள்ளி. பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கைகளில் எண்ணெயோடு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சுள்ளென்று வந்தது.

"என்ன சார் பேசறீங்க? இந்தம்மா பதினெட்டு மாசம் கட்டினாங்க. ஒரு மாசம் தவறலை. பில்லை அப்பா பேர்ல போடுங்கன்னாங்க. ஏம்மா, நாளைக்கு வம்பாயிடும்னேன். 'எங்க வீட்ல அப்படியெல்லாம் வராதுண்ணே'ன்னு சிரிச்சாங்க. உங்கப்பா என் கடைப் பக்கமே வந்ததில்ல சார். கையெழுத்துக்கு நான்தான் இங்க வந்தேன், கட்டில்ல சாஞ்சுக்கிட்டுப் போட்டார்."

அண்ணன் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. குறி போட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஃபிரிட்ஜ்?"

"நான்."

"தண்ணி மோட்டார்?"

"நான்தான்."

"கூரை மாத்தினது? எனக்கு அவர் போட்டோ அனுப்பினாரே, பக்கத்துல நின்னுக்கிட்டு."

"நான்தான்ணா. ரெண்டு தவணையாப் போட்டேன்."

"ஆஸ்பத்திரி?"

தலையை ஆட்டினாள்.

அண்ணன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பதினோரு வருஷத்தில் வீட்டுக்கு அவன் ஒரு காசு அனுப்பியதில்லை. கல்மனசு எல்லாம் இல்லை. அப்பா வேண்டாம் என்றார், நம்பிவிட்டான். நம்புவது சௌகரியமாகவும் இருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மெஷின் பக்கம் பார்த்தான். கடைக்காரரைப் பார்த்தான். விட்டுவிடுவான் என்று குட்டிக்குத் தோன்றியது. மெக்கானிக்குக்கும் தோன்றியிருக்க வேண்டும். இடுப்பிலிருந்த துணியை எடுத்துப் பலகையின் சாக்பீஸ் குறியைத் துடைக்கக் குனிந்தார்.

அப்போது அண்ணன் கேட்டான், கிட்டத்தட்ட ரகசியம் மாதிரி.

"பாப்பா பிறந்தப்ப அப்பா போட்ட சங்கிலி?"

மெக்கானிக்கின் கை நின்றது.

அண்ணனும் அப்பாவும் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சமயம் அது. ஆஸ்பத்திரியில் அப்பா தடுமாறி வந்து, பிறந்த பேத்தியின் கழுத்தில் அந்தப் பவுன் சங்கிலியைத் தன் கையால் போட்டார். அண்ணன் அப்பாவின் தோளில் சாய்ந்து எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதான். குட்டி தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அன்று முதல் வளையல் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்றுதான் முழுக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். பாப்பா இன்னும் அந்தச் சங்கிலியைக் கழற்றுவதில்லை.

அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பத்து வயதில் மார்க் ஷீட்டை அரிசி டின்னில் ஒளித்துவிட்டு, 'சொல்லிடாதடி குட்டி' என்று கெஞ்சியபோது இருந்த முகம். இத்தனையும் பிடுங்கியாயிற்று. இது ஒன்றாவது இவனுக்கு இருக்கட்டுமே என்று தோன்றியது. யோசித்துச் சொன்னதில்லை. வாய் பழகியிருந்தது.

"அது அப்பாதான்ணா," என்றாள்.

அண்ணன் மூச்சை விட்டான். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் மாதிரி.

அண்ணி முன்னால் வந்தாள். கையில் பாதி சுற்றிய பாத்திரம்.

"இரு குட்டி. எனக்குப் புரியல. பாப்பாவுக்கு ஒன்பது வயசு. கூரை மாத்தினது அதே வருஷம். பவுன் சங்கிலி வாங்கற அளவுக்குக் கையில காசு வெச்சிருந்த மனுஷன், கூரைக்கும் மோட்டாருக்கும் உன் கையையா பாத்துக்கிட்டிருந்தார்? ரெண்டும் எப்படி ஒத்து வரும்?"

அவள் குரலில் விஷமம் இல்லை. நியாயமாகத்தான் கேட்டாள். யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

குட்டி கழுத்து டேப்பை இழுத்துப் பிடித்தாள். "அண்ணி... அதுவும் நான்தான். என் வளையலைப் போட்டுத்தான்..."

"இப்பத்தானே அப்பான்னே?"

"அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு சொன்னேன்."

"நிமிஷத்துக்கு ஒரு பேச்சா?" அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இதுல எதை நாங்க நம்பறது?"

"நான் சொன்னேனே, அது பொய்யா?" என்று மெக்கானிக் குறுக்கிட்டார்.

"உங்க கையில பணத்தைக் குடுத்தது இவ. சரி." அண்ணன் எழுந்துகொண்டான். குரல் திரும்பியிருந்தது. "யாரோட பணம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? படுத்த ஆளு மகள்கிட்ட குடுத்துவிட மாட்டாரா? பில் அவர் பேர்ல இருக்கு. கையெழுத்து அவரோடது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அண்ணா. சங்கிலியும் நான்தான்ணா."

"வேணாம் குட்டி," என்றான் அவன். அவளைப் பார்க்கவில்லை. "விட்டுடு. போதும்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் நம்பிவிட்டான். ஒவ்வொன்றையும் நம்பிவிட்டான். ஆனால் நம்பியதாகக் காட்டிக்கொண்டால் இனிமேல் அவன் எங்கே போய் நிற்பான்? அவளே அவனுக்கு ஒரு கதவைத் திறந்து கொடுத்திருந்தாள். அவன் அதன் வழியாக வெளியே போய்விட்டான்.

"ஏத்துங்க," என்று கடைக்காரரிடம் சொன்னான்.

மெக்கானிக் துணியை இடுப்பில் செருகினார். "வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தேன்மா. என்னைப் பொய்யனாக்கிட்டீங்களே," என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஸ்கூட்டர் இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.

கடைக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் மெஷினைத் தூக்கினார்கள். நிலைப்படியில் இடித்தது. "பாத்துடா, ஊசி பத்திரம்," என்றார் கடைக்காரர். ஊசியில் பாதி தைத்த ஒரு சட்டைக் கை மாட்டிக்கொண்டிருந்தது. குட்டி ஓடிப்போய் நூலைப் பல்லால் கடித்து அறுத்துச் சட்டைக் கையை உருவிக்கொண்டாள். கடைக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். "நான் என்னம்மா பண்ணுவேன், குறி போட்டாச்சு," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

மூன்று மணிக்குள் வீடு காலியாகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது. அண்ணி கூடத்தைப் பெருக்கினாள். அண்ணன் குட்டியின் பாதிப் பணத்தை ஒரு கவரில் போட்டு ஜன்னலில் வைத்தான். சட்டையை உதறிக்கொண்டு அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னிக்கு ராத்திரி நாங்க லாட்ஜ்ல தங்கறோம். நீயும் வாயேன்."

"இல்லண்ணா. இந்தத் துணியை ஒதுங்க வைக்கணும்."

"சரி." சுவரில் ஒரு ஆணியைப் பார்த்து அதை ஆட்டிப் பிடுங்க ஆரம்பித்தான். வரவில்லை. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத குட்டி. என்ன வேணும்னாலும் கேளு. அப்பா இல்லாட்டி என்ன, அப்பா இடத்துல நான் இருக்கேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

"சரிண்ணா," என்றாள்.

அவர்கள் போன பிறகு, மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறவளுக்கு போன் போட்டாள். ஆறு வருஷமாக இருவரும் ஒரே பள்ளிக்கூட ஆர்டருக்கு அடித்துக்கொண்டவர்கள். தெருவில் எதிரே பார்த்தால் பேசிக்கொள்வதில்லை.

"ஐம்பத்தாறு சட்டை. கட்டிங் முடிஞ்சிருக்கு. நீங்க எடுத்துக்கறீங்களா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. "ஏன், உன் மெஷினுக்கு என்ன ஆச்சு?"

"வித்துட்டோம்."

"வித்துட்டோமா? சீசன்ல யாராவது மெஷினை விப்பாங்களா? பைத்தியமா உனக்கு?" தையல்காரிக்கு நிஜமாகவே பொறுக்கவில்லை. அப்புறம் குரல் இறங்கியது, வியாபாரக் குரல். "சரி, கொண்டு வா. என்கிட்ட ஒரு மெஷின் சும்மா இருக்கு. நீயே உக்காந்து தைச்சுக் குடு, கூலி போட்டுத் தரேன். மத்த பொண்ணுங்களுக்கு என்னவோ அதேதான் உனக்கும். காலையில எட்டு மணி. லேட்டா வந்தா அரை நாள் பிடிப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

"எட்டுக்கு வந்துடறேங்க."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று பிரித்தாள். சைஸ் வாரியாக அடுக்கினாள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு துண்டுத் தாளில் எத்தனை என்று எழுதிக் குண்டூசி குத்தினாள். முப்பத்தி ரெண்டாம் சைஸில் ஒரு கை குறைந்தது. மூன்று தடவை எண்ணினாள். அப்புறம்தான் அது தன் இடது கைக்குள் கசங்கிக் கிடப்பதைப் பார்த்தாள்.

அதை மடியில் வைத்து, சுருக்கம் போகத் தேய்த்து நீவி, அடுக்கில் சேர்த்தாள்.